பானகம் ஊற்றாத கோப்பை

மேஜையின் மேல் வெள்ளைத் துணி விரித்து, முப்பது எவர்சில்வர் டம்ளர்களை என் கையாலேயே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கவில்லை. டம்ளர்கள் மின்னியதில் கண் கூசியது. மேஜைக்கு நடுவில் வெள்ளிக் கோப்பை. பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு பித்தளை அண்டா நிறையப் பானகம். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கலந்த வாசனைக்கு எறும்புகள் அதற்குள் ஸ்டூல் கால் வழியாக ஏற ஆரம்பித்துவிட்டன.

மைதானத்தில் ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. தெற்குத் தெரு இரண்டு, நாகப்பட்டினம் ஒன்று. ஜனங்கள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. நான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. டம்ளர்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிரில் மாஸ்டர் புத்தி. பையன்களை வரிசையில் நிறுத்தி நிறுத்தி, எதைக் கண்டாலும் வரிசையில் நிறுத்தத் தோன்றும்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இந்தத் தொடரில் இத்தனை வாரமாக இழுத்தடித்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன், புயலைப் பற்றி எழுதினேன், எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியதைப் பற்றிக்கூட ஒரு வாரம் முழுக்க எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்தேன். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "உங்கள் ஊர்க் கோப்பை அந்தக் காலத்தில் எவ்வளவு கௌரவமாக இருந்தது! அது ஏன் நின்று போயிற்று? எழுதுங்களேன்" என்கிறார்.

அது தானாக நிற்கவில்லை ஐயா. நான்தான் நிறுத்தினேன். அதுவும் கௌரவத்தைத் தூக்கி நிறுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பி நிறுத்தினேன்.

ஒரு மரக்கால் கொள்ளும்

கோப்பை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெரிய மிராசு, வெள்ளைக்காரன் காலத்தில், ஏதோ வழக்குக்காகப் பட்டணம் போயிருந்தார். கோர்ட்டில் வாய்தா கொடுத்துவிட்டார்கள். பொழுது போகவில்லை. சோல்ஜர்கள் கால்பந்து ஆடுவதைப் பார்க்கப் போனார். ஆட்டம் அவருக்குப் புரிந்ததா என்பது எனக்குச் சந்தேகம். ஜெயித்தவன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய கோப்பை மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது.

ஊர் திரும்பியதும் கும்பகோணத்திலிருந்து வெள்ளி வேலை செய்யும் பத்தர் ஒருவரை வரவழைத்து, கோப்பை எப்படி இருக்கும் என்று காற்றில் கையால் வரைந்து காட்டினார். பத்தர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "எவ்வளவு கொள்ளணுங்க?" மிராசுக்குத் தெரிந்த அளவெல்லாம் நெல் அளவுதான். "ஒரு மரக்கால் கொள்ளட்டும்" என்றார். அப்படியாக, இரண்டு பக்கமும் காது வைத்த ஒரு வெள்ளித் தவலை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. வெளியூர்க்காரர்கள் முதல் தடவை பார்த்தால் சிரிப்பார்கள். ஆட்டத்தைப் பார்த்த பிறகு சிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் பெரிய மிராசு ஏற்பாடு செய்தார். குடிக்காத கோப்பை என்ன கோப்பை என்று கேட்டார். அன்றிலிருந்து இறுதி ஆட்டம் முடிந்ததும் கோப்பை நிறையப் பானகம் ஊற்றுவது வழக்கமாயிற்று. ஜெயித்த கேப்டன் முதலில் வாய் வைத்துக் குடிப்பான். அடுத்து தோற்ற கேப்டன். மூன்றாவது மிராசு. நாலாவது கமிட்டிச் செயலாளர். அதற்குப் பிறகு ஆட்டக்காரர்கள் கை மாற்றி மாற்றிக் குடித்துத் தீர்ப்பார்கள். நான் செயலாளரானபின் நாலைந்து வருஷம் அந்த நாலாவது வாய் என்னுடையதாக இருந்தது. வெள்ளியில் பட்ட பானகத்துக்கு ஒரு தனிக் குளிர்ச்சி உண்டு.

காரைக்காலிலிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் டீம்கள் வரும். மூன்று வாரம் ஊர் திமிலோகப்படும். வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில், பையன் என்ன படித்திருக்கிறான் என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் ஊர்க் கோப்பையில் ஆடியவன் என்று சொல்வார்கள்.

ஒரு வருஷம் முத்துப்பேட்டை டீம் ஜெயித்தது. கேப்டன் ராவுத்தர் வீட்டுப் பையன். அவன் குடித்த பிறகு பெரிய மிராசு மீசையை ஒதுக்கிக்கொண்டு அதே கோப்பையில் குடித்தார். இன்னொரு வருஷம் வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவப் பையன் ஒருவன், வேதக்காரன் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவன், முதல் வாய் குடித்தான். அப்போதும் மிராசு தயங்கவில்லை. சுற்றுவட்டாரமே மூக்கின் மேல் விரல் வைத்தது. ஜாதி மதம் பார்க்காத கோப்பை என்று மேடையில் பேசுவார்கள். நானும் தொண்டை கட்டப் பேசியிருக்கிறேன்.

அந்தப் பேச்சில் ஒருநாளும் வராத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் ஊர்த் தெற்குத் தெரு ஆட்கள், விவசாயக் கூலி வேலை செய்யும் குடும்பங்கள், மைதானத்து வேலிக்கு வெளியே நின்றுதான் ஆட்டம் பார்த்தார்கள். ஊர் நிலம் முழுவதும் நட்டதும் அறுத்ததும் அவர்கள். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதும் அவர்கள். கோடு போட்டு முடித்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அவர்கள் டீம் சேர்த்துப் பெயர் கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அரை மரக்கால்

பிறகு ஆட்சி மாறியது. சுவரெழுத்து மாறியது, மேடைத் தமிழ் மாறியது. வயலில் வேறு மாதிரி மாறியது. சிவப்புக் கொடிச் சங்கம் வந்தது. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டார்கள். அரை மரக்கால்தான். அதற்கு மிராசுகள் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். களத்து மேட்டில் போலீஸ் வேன் நின்றது. கிழக்கே ஒரு கிராமத்தில் நடந்ததை இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வருஷம் கோப்பை நடக்கவில்லை. அடுத்த வருஷமும் நடக்கவில்லை. பெரிய மிராசு காலமானார். கோப்பையை அவர் மகன் சின்ன மிராசு நெல் பத்தாயத்துக்குள் போட்டுப் பூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மிராசு குடும்பத்து நிலத்தில் ஒரு வேலியை, அதாவது ஆறேழு ஏக்கரை, எங்கள் குடும்பம் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இந்தக் கதைக்கும் அதற்கும் எவ்வளவு சம்பந்தம் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சம்பந்தமே இல்லை என்று சொல்ல ஆசைதான்.

"நான் பாத்துக்கறேங்க"

கோப்பை நின்று ஆறேழு கோடை போயிருக்கும். மைதானத்தில் மாடு மேய்ந்தது. கோல் கம்பத்தை யாரோ பந்தல் காலுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கோப்பையின் கௌரவத்தை மீட்டே தீருவது என்று ஒரு வெறி பிடித்தது. என்னைத் தவிர யாருக்கும் அந்த வெறி இல்லை என்பதே எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

சின்ன மிராசு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பத்திரக் கட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிலமே கையில நிக்குமான்னு தெரியல மாஸ்டர். சீலிங் சட்டத்துக்கு வக்கீல் வீட்டு வாசல்லயே பழியாக் கெடக்கேன். நீங்க பந்தத் தூக்கிக்கிட்டு வர்றீங்க."

"கோப்பை நடந்தா ஊர்ல கோபதாபம் கொஞ்சம் தணியுங்க. நாலு பேரு அப்பா பேரச் சொல்லுவாங்க."

அப்பா பேர் என்றதும் எழுந்துவிட்டார். பத்தாயத்தைத் திறந்தார்கள். நெல் தூசிக்கு நடுவே கோப்பை கருத்துப் போய்க் கிடந்தது. ஒரு காது லேசாக நசுங்கியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நானே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வாசல் வரைக்கும் வந்தவர் கேட்டார்.

"தெற்குத் தெருவும் ஆடுமா?"

"ஆட விடாம முடியாதுங்க. சட்டம் பேசுவாங்க. அதில்லாம, இப்ப தாலுகாவுலயே நல்ல டீம் அவங்கதான்."

என் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தார்.

"பானகத்த என்ன பண்ணப் போறீங்க?"

"நான் பாத்துக்கறேங்க" என்றேன்.

நன்றாகக் கவனியுங்கள். அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை, செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை உத்தரவாக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவன் நான். அவர் இறுதி ஆட்டத்தன்று குடித்திருப்பாரா மாட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

உளுந்து வயல்

தெற்குத் தெரு டீமுக்குக் கேப்டன் பக்கிரிசாமி. அப்போது இருபத்தைந்து வயசு இருக்கும். எங்கள் குத்தகை வயலில் நாற்று முடி சுமந்தவன், வரப்பு வெட்டியவன். ஒடிசலான உடம்பு. காலைப் பார்த்தால் மட்டும் இவனுடைய கால்தானா என்று சந்தேகம் வரும்.

அவர்களுக்கு மைதானம் கிடையாது. சம்பா அறுத்து, அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்தையும் பிடுங்கிய பிறகு வயல் காய்ந்து கிடக்குமே, அங்கேதான் ஆட்டம். வெறுங்கால். அறுத்த தாள் ஊசி மாதிரி நிற்கும். அதன் மேல் ஓடிப் பழகியவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மைதானம் பஞ்சு மெத்தை. பந்தில் ஒட்டு மேல் ஒட்டு. எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது, இவர்களுக்குத் தெரிந்தது. நான் வரப்பில் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். பதினைந்து வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து நான் ஒருவனுக்கும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். வயலில் ஆடக் கூடாது என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பக்கிரி, கோப்பை மறுபடி நடக்குது. உங்க டீம் பேரக் குடு."

"எங்களயா கூப்பிடுறீங்க மாஸ்டர்?"

"பின்ன யார? வரப்புல வேற யாரு நிக்கிறா?"

அவன் வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டான். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா ஒரு வருஷத்துக்குக் கோப்பை உங்ககிட்டதான்."

"அது தெரியும் மாஸ்டர். பானகம்?"

நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் தடுமாறியிருப்பேன். "எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான் உங்களுக்கும்."

"சத்தியமாவா?"

"இதுல என்னடா சத்தியம்? ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்."

பக்கிரிசாமி திரும்பிக் கையை உயர்த்தினான். "ஏய், கேட்டீங்களா? மாஸ்டரே சொல்லிட்டாரு!"

அந்த "மாஸ்டரே"யில் இருந்த நம்பிக்கைக்கு நான் லாயக்கில்லாதவன். அப்போது அது தெரியவில்லை. சந்தோஷமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம்

பன்னிரண்டு டீம் வந்தன. அவற்றில் ஏழு, சுற்று வட்டாரத்துத் தெற்குத் தெருக்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வந்தவை. எங்கள் ஊர்ப் பக்கிரிசாமிக்கு இடம் கிடைத்தது என்று தெரிந்து வந்தார்கள். இத்தனை காலம் இவர்கள் எல்லாம் எங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன்.

என் வாழ்க்கையில் அந்த மூன்று வாரத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்தது கிடையாது. மைதானத்தைச் சுற்றி எள் போட இடமில்லை. வேலி என்று ஒன்று இருந்ததே மறந்துபோய், ஜனங்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து அது சாய்ந்தே போயிற்று. வாய்க்கால் தூர் வாரும் வேலை முடிந்து பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாக நேரே மைதானத்துக்கு வந்தார்கள். கடலை விற்பவன் இரண்டு கடை போட்டான். கௌரவம் திரும்பிவிட்டது என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன்.

தெற்குத் தெரு ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஜெயத்துக்குப் பிறகும் மிச்சம் எத்தனை ஆட்டம் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அரையிறுதியில் முத்துப்பேட்டையைத் தோற்கடித்தார்கள். கடைசி நிமிஷத்தில் பக்கிரிசாமி நாற்பது கஜ தூரத்திலிருந்து அடித்த அடி, வலையைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்த வேலியில் போய் நின்றது. ஊரே தோளில் தூக்கியது. நான் கைதட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயிலில் நின்று, இறுதி ஆட்டத்தில் நாகப்பட்டினம் ஜெயித்துவிட வேண்டும் என்று தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். வெட்கக்கேடுதான். செய்தேன்.

பிள்ளையாரை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று மறுநாள் பாத்திரம் வாடகைக்கு விடும் கடைக்குப் போனேன். அங்கே ஏணிப்படி மாதிரி அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்களைப் பார்த்ததும் மூளையில் பல்பு எரிந்தது. கோப்பையில் பானகம் ஊற்ற வேண்டாம். எல்லோருக்கும் டம்ளரில் கொடுத்துவிடலாம். கேப்டனுக்கும் டம்ளர், மிராசுக்கும் டம்ளர். ஒருவருக்கும் வருத்தம் இல்லை. காரணம் கேட்டால் சுகாதாரம். ஊரில் அப்போது காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் பொருந்தி வந்தது. அந்த யோசனைக்காக என்னை நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

சுகாதாரத்தை முன்னிட்டு

கடைசி விசில் ஊதியது. தெற்குத் தெரு ஜெயித்துவிட்டது. பறை முழங்கியது. துண்டுகள் வானத்தில் பறந்தன. ஒரு கிழவர் மைதானத்து நடுவில் உட்கார்ந்து சுண்ணாம்புக் கோட்டைக் கையால் தடவி அழுதுகொண்டிருந்தார். வருஷா வருஷம் அந்தக் கோட்டைப் போட்டவர். பக்கிரிசாமியின் அப்பா.

பக்கிரிசாமி மாலையோடு மேஜைக்கு வந்தான். முழங்காலில் ரத்தம். முகம் முழுக்கச் சிரிப்பு. அவனுக்குப் பின்னால் பத்துப் பேர். அவர்களுக்குப் பின்னால் தெரு முழுக்க. சின்ன மிராசு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "சுகாதாரத்தை முன்னிட்டு, இந்த வருஷம் முதல், பானகம் தனித்தனி டம்ளர்களில் வழங்கப்படும்" என்றேன். எழுதி வைத்து நாலு தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம். தடங்கல் இல்லாமல் வந்தது.

பறை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பக்கிரிசாமி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே காய்ந்திருந்தது. நான் புளி போட்டுத் தேய்த்தது பளபளவென்று இருந்தது.

"ஊத்தலியா மாஸ்டர்?"

"எல்லாருக்கும் டம்ளர்தான் பக்கிரி. மிராசுக்கும் டம்ளர்தான். ஒரு வித்தியாசமும் கெடையாது. பாரு, எல்லாம் ஒரே டம்ளர்."

"முத்துப்பேட்டைக்காரங்க ஜெயிச்சப்ப?"

"அது அந்தக் காலம். இப்ப ஊர்ல சீக்கு…"

"நாகப்பட்டினம் ஜெயிச்சிருந்தா?"

ஒரு டம்ளரை எடுத்து வரிசையில் நேராக்கி வைத்தேன். அவன் டம்ளர் வரிசையை ஒரு முறை பார்த்தான். எங்கள் ஊர் டீக்கடையில் அப்போது தெற்குத் தெருக்காரர்களுக்கென்று தனியாக டம்ளர் வைத்திருந்தார்கள். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அவன் கண்ணுக்கு என் முப்பது டம்ளரும் அந்த டம்ளராகத்தான் தெரிந்திருக்கும். நான் அதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ.

அவன் கத்தவில்லை. மேஜையைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நாகப்பட்டினம் கேப்டன் கையைப் பிடித்துக் குலுக்கினான். கழுத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான்.

"கோப்பைய நீங்களே வச்சுக்குங்க மாஸ்டர்" என்றான்.

திரும்பி நடந்தார்கள். பதினொரு பேரும், பெண்களும், மண்வெட்டி கூடைகளும், எல்லோரும். மண்ணில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு பக்கிரிசாமி கடைசியாகப் போனான். சின்ன மிராசு எழுந்து காருக்குப் போனார். அவரும் டம்ளரைத் தொடவில்லை. மைதானத்தில் நானும் ஒரு அண்டா பானகமும் மிச்சம். சாக்கடையில் கொட்டினேன்.

கௌரவம் தேடி அலைந்தது

அதற்கடுத்த கோடையில் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராக ஒட்டினேன். ஐந்து டீம் வந்தன. தெற்குத் தெருக்கள், காலனிகள் ஒன்றுகூட வரவில்லை. மறியல் இல்லை, தட்டி இல்லை, ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தெரு இன்னொரு தெருவுக்குச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் விடவில்லை. கௌரவம் வேண்டுமே! பட்டணத்திலிருந்து பூட்ஸ் போட்ட டீம்களை வரவழைத்தேன். அவர்கள் வந்து, மெஸ் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போட்டு, கடனே என்று ஆடிவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் அரசியல் பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றரை மணி நேரம் பேசியதில் வெளிச்சம் போய், இரண்டாவது பாதி ஆட்டத்தை மறுநாள் வைத்தோம். மறுநாள் ஒரு டீம் வரவில்லை. மைக் செட்டில் சினிமாப் பாட்டு போட்டேன். பாட்டுக்கு வந்த கூட்டம் பாட்டு நின்றதும் போய்விட்டது. கடைசி வருஷம் இரண்டே டீம். இரண்டும் எங்கள் பள்ளிக்கூடத்து டீம்தான், ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன். அந்தக் கோப்பையை ஏ செக்‌ஷன் ஜெயித்தது. கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோக அவர்களே மறந்துவிட்டார்கள்.

நான் ஓய்வு பெற்றபோது அதைப் பள்ளிக்கூடத்து பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழக்கூட வரவில்லை.

பக்கிரிசாமி சொன்னது

சில வருஷங்களுக்கு முன் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து, கோப்பையின் கௌரவத்தை மீட்கிறோம் என்று கிளம்பினார்கள். போனில் பேசினார்கள். "மாஸ்டர், அந்தக் காலத்துச் சாம்பியன் கேப்டன் ஒருத்தர் இருக்காராமே, அவரக் கூப்பிட்டுத் தொடங்கி வைக்கச் சொல்லுவோம். உங்களுக்குப் பழக்கமாச்சே." அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

போனேன். பக்கிரிசாமி இப்போது பக்கத்து ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் நர்ஸ். சொந்தத்தில் ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கர் சொச்சம், நானே சாகுபடி பண்ணுகிறேன் என்று சொன்னார். தலை நரைத்திருந்தது. எனக்கு அவரை "வா, போ" என்று கூப்பிட வரவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"வேணாம் மாஸ்டர். பசங்க நல்லா நடத்தட்டும். நான் எதுக்கு?"

"நீங்க வந்தாத்தாங்க அதுக்கு மதிப்பு."

"மதிப்பு வேணுங்கறப்பல்லாம் எங்களக் கூப்பிடுறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

நான் இத்தனை வருஷமாக எனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சமாதானத்தை அவரிடமும் சொன்னேன். "சின்ன மிராசு அந்தக் கோப்பையில குடிக்க மாட்டாருன்னுதாங்க நான் அன்னைக்கு டம்ளர் வச்சேன். சபையில உங்களுக்கு அவமானம் ஆயிடுமேன்னு."

"அவரு குடிப்பாருன்னு நாங்க நெனைக்கவே இல்லியே மாஸ்டர்."

"அப்பறம்?"

"அவரு எழுந்து போயிடுவாருன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். போனாப் போறாருன்னுதான் இருந்தோம். அவருக்கு அடுத்து நீங்கதானே? நாலாவது ஆளு." நாலு விரலைக் காட்டினார். "முந்தின நாளு டீம்ல பேச்சு வந்துது. மாஸ்டரும் குடிக்க மாட்டாருன்னு பசங்க அத்தன பேரும் சொன்னாங்க. நான் ஒருத்தன்தான் அடிச்சுச் சொன்னேன், குடிப்பாருன்னு. ஒங்க வயல்ல வேல பாத்தவன், எனக்குத் தெரியாதா மாஸ்டரன்னு சண்ட போட்டேன். அந்த ஒரு வாய் போதும்னு இருந்துது எங்களுக்கு."

நிச்சயம் குடித்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வயலில் வேலை பார்த்த காலத்தில் அவருக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் எப்படிக் கஞ்சி ஊற்றினோம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பாத்திரக்கடையில் முதல் டம்ளரை நான் கையில் எடுத்தபோது சின்ன மிராசை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன். பக்கிரிசாமி வாய் வைத்த கோப்பையில் நான் வாய் வைக்காமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது என்றுதான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். இவ்வளவும் ஒரே நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. 

பக்கிரிசாமி நான் பதில் சொல்வேன் என்று காத்திருக்கவில்லை. சுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணி பஸ்ஸ விட்டா அப்பறம் ஆறு மணிக்குத்தான் மாஸ்டர். வாங்க, ரோடு வரைக்கும் வந்து ஏத்தி விடுறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி நடந்தார்.